முப்பது நாள் முதலாளி

நம் நண்பர் இந்த மாதம் படம் திருத்தும் எந்த மென்பொருளுக்கு முதலாளி என்று அறிய விரும்புகிறவர்கள், அவர் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறதே, அதைப் பார்த்தால் போதும். அமாவாசை, பிரதோஷம், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி ஆகியவற்றுக்கு நடுவே ஒரு கட்டத்தில் சிவப்பு மையால் ‘ட்ரையல் முடிவு’ என்றும், அதற்கு இரண்டு கட்டம் தள்ளி ‘மாமியார் ஈமெயில் ஆரம்பம்’ என்றும் எழுதியிருக்கும். முதல் குறிப்பின் தாத்பரியம், முப்பது நாள் இலவசச் சோதனை அன்றோடு காலமாகிறது என்பது. இரண்டாவதன் தாத்பரியம், காலமானது எழுபத்தெட்டு வயதான ஓர் அம்மாளின் பெயரால் மறுபிறவி எடுக்கிறது என்பது. அந்த அம்மாள் தம் வாழ்நாளில் காமிராவைக் கையால் தொட்டவரல்லர். ஆயினும், அவருடைய கலைப் பயணம் பாதியில் நின்றுவிடலாகாதே என்று கவலை தெரிவித்து, பல தேசத்துக் கம்பெனிகள் அவருக்குக் கடிதம் எழுதிய வண்ணமாக இருக்கின்றன.

இதைக் கருமித்தனம் என்று எண்ணினால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். பறவைகளை எட்ட நின்று பிடிக்கும் லென்ஸ் ஒன்றை எண்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரே பிற்பகலில் வாங்கி வந்தவர் அவர். மாதம் சில நூறு ரூபாய்ச் சந்தா என்றால்தான் அவருக்குள் உறங்கும் பொருளாதார நிபுணர் விழித்துக்கொள்கிறார். லைட்ரூம் என்னும் மென்பொருளை ஒரே விலையாகக் கொடுத்து வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளும் காலம் 2015-இல் வந்த ஆறாம் பதிப்போடு முடிந்துபோனதையும், அதற்குப் பிறகு சந்தா கட்டாதவனுக்குப் படத்தைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், திருத்த மட்டும் கூடாது என்று அறையைப் பூட்டிவிடுவதையும், தாம் குடியிருந்த வீட்டிலிருந்து சாமான்களைத் தெருவில் தூக்கிப் போட்டதைப் போன்ற குரலில் வர்ணிப்பார். கேட்கிறவனுக்கே கண் கலங்கும். அவர் அந்த ஆறாம் பதிப்பையும் வாங்கவில்லை என்பது பிற்பாடு ஒரு நாள் தற்செயலாகத் தெரியவந்தது.

அப்படியானால் இலவசமாகவே கிடைக்கிறவை இருக்கின்றனவே என்று நான் ஒருமுறை அசட்டுத்தனமாகச் சொல்லிவிட்டேன். டார்க்டேபிள் இருக்கிறது, ராதெரபி இருக்கிறது, பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் தொண்ணூறுகளில் ஆரம்பித்த கிம்ப் இருக்கிறது. மூன்றுக்கும் காலணா செலவில்லை. நண்பர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டார்க்டேபிளைத் திறந்தால் விமானம் ஓட்டுகிறவன் அறைக்குள் நுழைந்ததுபோல் இருக்கிறதாம். காமிரா பதப்படுத்தாமல் தரும் ‘ரா’ ஃபைலைக் கிம்ப் தானாகத் திறக்காது. மற்ற இரண்டில் ஒன்று கூடவே வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். அதனால் மாப்பிள்ளையோடு தரகரையும் வீட்டோடு வைத்துக்கொள்வதற்குச் சமானமாம்.

அஃபினிட்டி என்னும் மென்பொருளின் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதமே அலாதி. சந்தா இல்லாமல் ஒரே விலைக்கு அது விற்கப்பட்ட வருஷங்களிலெல்லாம், ‘தீபாவளிக்குத் தள்ளுபடி வரும், சார்’ என்று காத்திருந்தார். தீபாவளிக்கு வந்தபோது, கிறிஸ்துமஸுக்கு இன்னும் குறையும் என்று காத்திருந்தார். 2024-இல் கான்வா என்னும் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது; மறு வருஷம் ஐப்பசி மாதத்தில், விலையே வேண்டாம், எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டது. நான் சந்தோஷமாக அவருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு, ‘சும்மா கொடுக்கிறான் என்றால் என்னவோ இருக்கிறது, சார்’ என்றார். 2016-இல் கூகுள், நிக் என்னும் படம் திருத்தும் தொகுப்பை இப்படித்தான் தானமாக விட்டதென்றும், அடுத்த வருஷமே அதை வேறொரு கம்பெனி வாங்கி, பின்பு விலைச் சீட்டு ஒட்டிவிட்டதென்றும் பூர்வ கதையை எடுத்து விரித்தார். விலை இருந்தவரை விலை குறையட்டும் என்று காத்திருந்தவர், இப்பொழுது விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்.

ஆனால் இவையெல்லாம் அற்ப விஷயங்கள். பிரதான விஷயம் நாரை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதத்து விடியற்காலையில் வேடந்தாங்கலில் நண்பர் பிடித்த நத்தைகுத்தி நாரை அது. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியுமே, அந்த ஜாதி. வாயை மூடினாலும் முழுக்க மூடாத ஒரு பிராணியை அவர் தேர்ந்தெடுத்தது கேவலம் தற்செயல் என்று நான் கருதவில்லை. எந்தச் சோதனைப் பதிப்பு வந்தாலும் முதலில் அதற்குள் பிரவேசிப்பது இந்த நாரைதான். நிழலைத் தூக்குவார், வெளிச்சத்தை இறக்குவார், நாய்ஸ் என்னும் மணல் மணலான பொடியைத் துடைப்பார், துடைத்த பிறகு நானூறு சதவீதம் பெரிதாக்கி, சிறகில் வெள்ளை இறகு முடிந்து கறுப்பு இறகு தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ‘இதில் பாருங்கள், இப்பொழுது அதில் பாருங்கள்’ என்பார். நான் பார்ப்பேன். இதிலும் சாம்பல் நிறச் சதுரங்கள் தெரியும். அதிலும் சாம்பல் நிறச் சதுரங்கள் தெரியும். ‘வித்தியாசம் தெரிகிறதா?’ என்பார். தெரிகிறது என்றால் எது உசத்தி என்று கேட்பார்; தெரியவில்லை என்றால் எண்ணூறு சதவீதத்துக்குப் போவார். அவருடைய மடிக்கணினியில் ‘நாரை’, ‘நாரை சரி’, ‘நாரை கடைசி’, ‘நாரை கடைசி 2’, ‘நாரை நிஜமாகவே கடைசி’ என்று பதினேழு நாரைகள் வரிசையாக நிற்கின்றன. நாற்பதினாயிரம் படங்கள் எடுத்திருக்கும் அந்த மனிதர், இதுவரை திருத்தியிருப்பது இந்த ஒரு படத்தைத்தான். அசல் நாரை இத்தனை நாளில் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். இனிமேல் எழுதுவது அப்படியல்ல.

சென்ற வருஷம் என் தகப்பனாருக்குச் சதாபிஷேகம் நடந்தது. கூலிக்குப் படம் பிடிப்பவன் எதற்கு, நானிருக்கும்போது என்று நண்பர் தாமாகவே முன்வந்தார். காலை ஐந்து மணிக்கு வந்து, மாலைவரை காப்பியைத் தவிர வேறொன்றும் வேண்டாமல், புகையிலும் ஈரத்திலும் முழங்காலிட்டும், பெஞ்சின்மேல் ஏறியும், ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள் எடுத்தார், அத்தனையும் ராவில். பதினான்கு மாதங்கள் ஆயின. ஒரு படம் வரவில்லை. தூரதேசத்திலிருந்து வந்துபோன என் அத்தை கேட்டாள், வாத்தியார் கேட்டார், அப்பா வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்து, பிறகு மாதம் ஒருமுறை கேட்டு, ஆவணி முதல் கேட்பதை விட்டுவிட்டார். எண்பத்தொரு வயதில் ஒருவர் ஒன்றைக் கேட்பதை நிறுத்திக்கொள்வது சாமான்ய விஷயமல்ல. நண்பரே, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: எங்களுக்கு இறகு வேண்டாம், நிழல் கறுப்பாகவே இருக்கட்டும், மாவிலை எந்தப் பச்சையில் இருந்தால் என்ன, படத்தைக் கொடுங்கள்.

இதை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் போனில் சொன்னேன். மறுநாளே, முகம் வாடி, காமிராவோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் காமிராவின் பின்பக்கத்துச் சின்னத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டார். கலச நீர் தலையில் விழுந்த கணத்தில், குளிர் தாங்காமல் அவரும் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு சிரிக்கிற படம். அதைக் கண்டதும் என் கோபம் பாதி போய்விட்டது என்பதை மறைப்பானேன்; தொழிலாகச் செய்கிறவன் எவனும் அதை எடுத்திருக்க மாட்டான்.

“இதில் என்ன குறை, தம்பி?” என்று கேட்டார் அப்பா.

கேட்டிருக்கக் கூடாது. காமிராவுக்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டுமே அளக்கிறது என்றும், பாதிப் புள்ளிகள் பச்சைக்கும் கால் கால் மற்ற இரண்டுக்கும் போய்விடுகின்றன என்றும், விட்டுப்போன நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள்தான் அனுமானித்து நிரப்புகிறது என்றும், ஒவ்வொரு மென்பொருளின் அனுமானமும் ஒவ்வொரு மாதிரி என்றும் நண்பர் ஆரம்பித்தார். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என் தகப்பனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, “அப்படியானால் மூன்றில் ஒரு பங்குதான் கண்டது, பாக்கி இரண்டு பங்கு ஊகம். அப்படித்தானே?” என்றார். நண்பர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் தம்மை ஒருவர் புரிந்துகொண்டதைக் கண்ட அந்த முகத்தை நான் படம் பிடித்திருக்க வேண்டும்.

“ஆமாம், ஐயா! எவன் நன்றாக ஊகிக்கிறான் என்பதுதான் கேள்வியே!”

“பின்னே, அவசரப்பட்டு முடிவு செய்கிற காரியமா இது?” என்று அப்பா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு நண்பரிடம் குரலைத் தாழ்த்தி, “என்னவோ ஒரு நாரை வைத்திருக்கிறீர்களாமே, அதையும் ஒரு நாள் கொண்டுவாருங்களேன்” என்றார்.