இலை போட்டாயிற்று, சோறு கேட்காதே!

இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் பழங்குடிகளிடமிருந்து 1854, 1855-இல் நிலத்தை எழுதி வாங்கிய அமெரிக்க அரசு, வழக்கமான இடங்களில் நீங்கள் மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மகா தாராளம்! பிறகு மாநில அரசு சாலை போட்டது. ஓடை குறுக்கிட்ட இடத்திலெல்லாம் ஒரு குழாயைப் புதைத்து, மேலே தாரை ஊற்றி நகர்ந்தது.

அந்தக் குழாய்களில் பலவற்றின் வாய் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் தொங்கும். கடலில் திரிந்துவிட்டு, பிறந்த ஓடையின் வாசனை பிடித்துத் திரும்பும் சால்மன் எம்பும், விளிம்பில் மோதும், விழும், மறுபடி எம்பும். தப்பித் தவறி உள்ளே நுழைந்தாலும், நீர் பீறிட்டு வரும் அந்தக் குழாய்க்குள் ஒதுங்கி இளைப்பாற ஒரு கல் கிடையாது.

2001-இல் பழங்குடிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். மாநில அரசின் வாதத்தைக் கேளுங்கள்: மீன் பிடிக்கும் உரிமைதானே கொடுத்தோம், மீன் இருக்கும் என்று எப்போது சொன்னோம்? பந்தியில் உட்காரவைத்து இலை போட்டாயிற்று, சோறும் வேண்டுமாம்! பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியில் சேரும் சால்மன் ஓடை அத்தனையையும் அடைக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஒப்பந்தம் அதைத் தடுக்காது என்று பதில் வந்தது. நாக்கு கூசவில்லை. இந்த முத்தான வாதத்தை மக்கள் வரிப்பணத்தில் உச்ச நீதிமன்றம்வரை சுமந்துபோனார்கள். 2018-இல் அங்கே நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால், குழாய்களை மாற்று என்ற கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றது.

இப்போது குழாயைத் தோண்டியெடுத்து, அகலமாகப் பாலம் கட்டி, அடியில் சரளை பரப்பி, பாறை உருட்டி, வேரோடு மரக்கட்டைகளைக் கிடத்துகிறார்கள். பாறைக்குப் பின்னால் நீர் அடங்கும். மீன் அங்கே நின்று நின்று ஏறும். சாலை வருமுன் ஓடையில் கிடந்ததும் இதே கல்லும் கட்டையும்தான். வாரி எறிந்ததற்கும் காசு, திரும்பக் கொண்டுவந்து வைப்பதற்கும் காசு: பல நூறு கோடி டாலர். கெடு 2030. முடியாது என்று இப்போதே முனகல் கேட்கிறது.

வழி இருந்தால் மட்டும் போதுமா? சியாட்டில் நகருக்குள்ளேயே லாங்ஃபெல்லோ ஓடையில் கோஹோ சால்மன் ஏறத்தான் செய்கிறது. மழை பெய்ததும் ரோட்டில் தேய்ந்த டயர் தூளெல்லாம் ஓடைக்கு வரும். வயிறு நிறைய முட்டையோடு வந்த மீன் நிலைகுலைந்து சுழலும், வாயைப் பிளக்கும், சில மணி நேரத்தில் மல்லாந்துவிடும். டயரில் சேர்க்கும் ஒரு ரசாயனம் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் நஞ்சுதான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகும் அதே டயர்தான் ஓடுகிறது.

அடுத்த வழக்குக்கு மாநில அரசின் வக்கீல் மெனக்கெட வேண்டாம், வாதம் தயார். வழி விடச் சொன்னீர்கள், விட்டோம். உயிரோடு விடச் சொன்னீர்களா?