அணைக்காதீர்கள், அதுவே அணையும்

செவ்வாய்க்கிழமை புது வேலை எதையும் தொடங்கக்கூடாது என்று சொல்ல தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பார். "செவ்வாயோ வெறுவாயோ" என்ற பழமொழியையும் கைவசம் வைத்திருப்பார். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் அப்படி ஒரு பெரியவர் இல்லாமல் போய்விட்டார். விண்டோஸின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மொத்தமாக வெளியிடும் வழக்கத்தை 2003 அக்டோபரில் அந்த நிறுவனம் ஆரம்பித்து வைத்தது. திங்கள்கிழமை மிச்சம் மீதி வேலைகளைப் பார்க்கலாம். செவ்வாயன்று வெளியிட்டது எங்காவது சொதப்பினால் வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யலாம். கணக்கு என்னவோ சரிதான்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணிக்குக் கிளம்பும் இந்த மூட்டை, இந்திய நேரப்படி செவ்வாய் இரவு 10.30க்கும் குளிர்காலத்தில் 11.30க்கும் வந்து இறங்கும். ஆகவே நம்மூர் அலுவலகங்களுக்கு அதன் பலாபலன் தெரிவது புதன்கிழமை காலையில். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொன்னவர் விண்டோஸைப் பார்த்தவராக இருக்க முடியாது.

அந்தப் புதன்கிழமைக் காலை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் விடிகிறது. திரையில் ஒரு வட்டம் சுழலும். அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று ஒரு வேண்டுகோள் இருக்கும். 30 சதவீதத்தில் நெடுநேரம் நிற்கும். பிறகு என்ன நினைத்ததோ, ஒரே தாவாக நூறைத் தொட்டு, சொல்லாமல் கொள்ளாமல் தானே அணையும். எழுந்ததும் அப்டேட்டை முடிக்க முடியவில்லை, பழைய நிலைக்குத் திரும்புகிறோம் என்று அறிவிக்கும். திரும்பி முடித்ததும் மறுபடி அணையும். அணைக்கக்கூடாது என்ற தடை நமக்கு மட்டும்தான்.

சுற்றி நிற்பவர்கள் இதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்பார் கணக்குப் பிரிவில் இருப்பவர்.

"யாரு பென் டிரைவ் போட்டது?" என்பார் மேலாளர். அவருக்கு எந்தக் கோளாறிலும் ஆள்தான் முதலில் வேண்டும்.

"வோல்டேஜ் சரியில்ல சார்" என்பார் எலக்ட்ரீசியன். ஃபேன் சுற்றாததற்கும் அவர் இதையேதான் சொன்னார்.

"ஃபார்மட் அடிச்சிரலாம்ணே" என்பான் புதிதாகச் சேர்ந்த தம்பி. அதில் இருக்கும் பத்து வருஷக் கோப்புகள் அவனுடையவை அல்ல.

எதற்கெடுத்தாலும் ஏன் இந்த ரீஸ்டார்ட் என்று கோபப்படுபவர்களுக்கு விண்டோஸ் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அந்தக் கோப்பின் மேல் புதியதை எழுத விண்டோஸ் பொதுவாக விடாது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எழுந்தால்தானே இலையை எடுக்க முடியும்? விண்டோஸின் அடிப்படைக் கோப்புகளோ, கம்ப்யூட்டர் இயங்கும் வரை பந்தியை விட்டு எழுவதே இல்லை. எனவே எந்தக் கோப்பை எதால் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த தடவை எழும்போது, மற்றவர்கள் வந்து உட்காரும் முன்பே மாற்றிவிடுகிறது. லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பின் இடத்தில் புதியதை வைத்துவிடலாம். பழையதைப் பிடித்திருப்பவர் விடும் வரை அது மறைவில் உயிரோடு இருக்கும். அங்கும் மையப் பகுதியான கெர்னலை மாற்றினால் பெரும்பாலும் ரீஸ்டார்ட்தான். அதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் மரியாதையை மட்டும் லினக்ஸ் நம்மிடம் விட்டுவைத்திருக்கிறது.

"அப்டேட்டே போடாம இருந்தா வம்பே இல்ல" என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுக்கான பாடம் 2003 ஆகஸ்ட் 11 அன்று வந்தது. பிளாஸ்டர் என்ற புழு, விண்டோஸ் எக்ஸ்பியிலும் 2000த்திலும் இருந்த ஓர் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது. முக்கியமான சேவை ஒன்று விழுந்துவிட்டதால் இன்னும் 60 விநாடியில் கம்ப்யூட்டர் அணையும் என்று ஒரு சிறு பெட்டி திரையில் தோன்றி, கீழ்நோக்கி எண்ண ஆரம்பித்தது. எழுந்து இணையத்தில் இணைந்தால் மறுபடி 60, 59, 58. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் ஜூலை 16 அன்றே வெளியாகியிருந்தது. அதை இறக்கிக்கொள்ளலாம் என்றால், அந்த நாளைய டயல்-அப் வேகத்தில் ஒரு நிமிடம் எந்த மூலைக்கு? கறுப்புத் திரையைத் திறந்து, அணைப்பதை ரத்து செய்யும் கட்டளையை 60 விநாடிக்குள் தட்டத் தெரிந்தவர்கள் அந்த மாதம் தெருவுக்கே டாக்டர் ஆனார்கள்.

அப்டேட் போட்டவர்கள் கதையும் பெரிதாக மாறவில்லை. 2008 பிப்ரவரியில் விண்டோஸ் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக் வருவதற்கு முன், அதைப் பெற்றுக்கொள்ளக் கம்ப்யூட்டரைத் தயார்செய்ய ஒரு முன்-அப்டேட் அனுப்பினார்கள். சில கம்ப்யூட்டர்கள் 'மூன்றில் மூன்றாம் கட்டம், 0 சதவீதம்' என்று காட்டின. ரீஸ்டார்ட் ஆகி, மறுபடியும் மூன்றில் மூன்றாம் கட்டத்துக்கே வந்து, மறுபடியும் பூஜ்ஜியத்தில் நின்றன. அப்டேட்டுக்குத் தயார்படுத்தும் அப்டேட்டே ஆளை முடக்கியதால், மைக்ரோசாப்ட் அதைத் தானாக அனுப்புவதை நிறுத்தி வைத்தது.

இந்த வரலாற்றின் மணிமகுடம் 2010 பிப்ரவரி. அந்த மாத அப்டேட்டைப் போட்ட எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் பல, நீலத் திரையைக் காட்டி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. ஊரெல்லாம் மைக்ரோசாப்டைத் திட்டியது. அது விநியோகத்தை நிறுத்திவிட்டு ஆராய்ந்தபோது, அந்தக் கம்ப்யூட்டர்களுக்குள் ஏற்கெனவே ஒரு திருடன் குடியிருந்தது தெரிந்தது. அலூரியான் என்ற ரூட்கிட் அது. விண்டோஸ் கெர்னலின் உள்ளே எந்தச் செயல்பாடு எந்த முகவரியில் இருக்கிறது என்பதை அது மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அப்டேட் கெர்னலை மாற்றியதும் முகவரிகள் இடம் மாறின. திருடன் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்ட, கம்ப்யூட்டர் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அழகு. புதிய கெர்னலோடும் சிக்கலின்றி ஒத்துப்போகும் திருத்திய ரூட்கிட்டை, அதை எழுதியவர்களே சில நாட்களுக்குள் வெளியிட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் எழாவிட்டால் அவர்களுக்கும் அல்லவா பிழைப்பு கெடும்? பாதிக்கப்பட்ட பயனர்களுக்கு அன்று மிக வேகமான வாடிக்கையாளர் சேவையை வழங்கியது திருடர் தரப்பே.

2018 ஜனவரியில் சிப் கம்பெனிகளே மாட்டின. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ஓட்டைகள் விண்டோஸில் அல்ல, பிராசஸரிலேயே இருந்தன. அவசர அவசரமாக வந்த அப்டேட்டைப் போட்ட சில பழைய ஏஎம்டி கம்ப்யூட்டர்கள் எழவே மறுத்தன. அந்தச் சிப்செட்டுகள், தனக்குத் தரப்பட்ட ஆவணங்களில் சொல்லியிருந்தபடி நடந்துகொள்ளவில்லை என்றது மைக்ரோசாப்ட். இன்டெல் தந்த திருத்தமோ, அதன் பிராட்வெல், ஹாஸ்வெல் வகைக் கம்ப்யூட்டர்களை எதிர்பாராத நேரங்களில் ரீஸ்டார்ட் செய்தது. ஜனவரி 22 அன்று, அதைப் போட வேண்டாம் என்று இன்டெல்லே கேட்டுக்கொண்டது. சில நாட்களில் மைக்ரோசாப்ட் இன்னோர் அப்டேட்டை வெளியிட்டது. முந்தைய அப்டேட்டின் ஒரு பகுதியை முடக்குவதுதான் அதன் முழுநேர வேலை.

இவ்வளவு வரலாறு இருந்தும், சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தால் மெக்கானிக் எதையும் விசாரிப்பதில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு தலைமுறைத் தூசியை ஊதி, ரேமை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்படி மறுபடி செருகுவார். பாதி கம்ப்யூட்டர்கள் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். பழி மட்டும் அப்டேட் மேல்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பல வீடுகளில் கம்ப்யூட்டரை யாரும் முறையாக அணைப்பதில்லை; தூங்கவைத்து எழுப்பிக்கொண்டே மாதங்கள் ஓடுகின்றன. தளர்ந்த ரேம், சோர்ந்த எஸ்எம்பிஎஸ், பிராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் எல்லாம் அதுவரை எப்படியோ காலம் தள்ளுகின்றன. அப்டேட் வந்து ரீஸ்டார்ட் கேட்கும்போதுதான் கம்ப்யூட்டர் முதலிலிருந்து தன்னைச் சோதித்துக்கொள்கிறது. குட்டு வெளிப்பட்ட நேரத்தில் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அப்டேட் மாட்டிக்கொள்கிறது.

உண்மைக் குற்றவாளி யார் என்பதைக் கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கும், படிப்பவர்தான் இல்லை. ஈவன்ட் வியூவர் என்ற பகுதியில் 1074 என்ற பதிவு இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது. கேட்டது யார் என்பதும் அங்கேயே இருக்கும். 6008 இருந்தால் கம்ப்யூட்டர் சொல்லாமல் போனது என்று பொருள். 41 என்ற பதிவில் பிழை எண் பூஜ்ஜியமாக இருந்தால், சந்தேகம் மின்சாரம், சூடு, எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்ப வேண்டும். எலக்ட்ரீசியன் சொன்னது அபூர்வமாக உண்மையாகும் இடம் இது. பவர் பட்டனை யாராவது அழுத்திப் பிடித்திருந்தால் அதையும் அந்தப் பதிவு நேரத்தோடு காட்டிக்கொடுக்கும். ஆகையால் மேலாளருக்கு இதைக் காட்டாமல் இருப்பது நல்லது.

விழுந்த வேகத்தில் எழுவதால் நீலத் திரையைப் படிக்க முடியவில்லை என்றால், கோளாறு வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை நிறுத்தி வைக்கலாம். அது இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. எழும்போதே சில முறை தொடர்ந்து தடைப்பட்டால் விண்டோஸ் தன் பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். கடைசியாகப் போட்ட அப்டேட்டை மட்டும் நீக்கும் வசதி அங்கே உண்டு. தம்பியின் ஃபார்மட் யோசனைக்கு அதற்குப் பிறகுதான் முறை.

ரிச்சி தெரு வைத்தியத்தை இளக்காரமாக நினைப்பவர்கள் 2024 ஜூலை 19ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். இந்திய நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதில் 21 விவரங்கள். அதை வாசிக்கும் நிரல் எதிர்பார்த்ததோ 20. இல்லாத இருபத்தோராவது இடத்தை எட்டிப்பார்த்த கம்ப்யூட்டர் விழுந்தது; எழுந்து, மறுபடி எட்டிப்பார்த்து, மறுபடி விழுந்தது. 78 நிமிடங்களில் கோப்பைத் திருத்திவிட்டார்கள். மைக்ரோசாப்டின் கணக்குப்படி அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் சிக்கியிருந்தன. இந்திய விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ்கள் கைக்கு வந்தன.

பரிகாரம் எளிது: சேஃப் மோடில் போய், 291 என்ற எண் தாங்கிய கோப்பை அழித்தால் போதும். ஆனால் அதை ஒவ்வொரு கம்ப்யூட்டராக, கையால் செய்ய வேண்டும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்ட வேண்டும். கிளவுடில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாப்ட் சொன்ன ஆலோசனை, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்பது. ஒரு முறை அல்ல. 15 முறை வரைகூட ஆகலாம் என்றது. விழுவதற்கு முந்தைய நொடிகளில் திருத்திய கோப்பு வந்து சேர்ந்துவிட்டால் பிழைத்தது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்று நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்பவரை இனி யார் குறைசொல்ல முடியும்?

வருத்தம் தெரிவிக்கும் விதமாக, கூடுதல் வேலை பார்க்க நேர்ந்த பங்குதாரர்களுக்கு கிரவுட்ஸ்ட்ரைக் 10 டாலர் உபர் உணவுக் கூப்பன் அனுப்பியது. திடீரென்று ஏகப்பட்ட பேர் பயன்படுத்தியதால், ஏதோ மோசடி என்று உபர் அதைச் சந்தேகப் பட்டியலில் போட்டது. அடுத்த மாதம் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், ஆண்டின் மாபெரும் சொதப்பலுக்கான பவ்னி விருதை அந்த நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் சென்டோனாஸே மேடையேறி வாங்கிக்கொண்டார்.

மைக்ரோசாப்டும் சும்மா இருக்கவில்லை. எழ முடியாத கம்ப்யூட்டர் தானே பழுதுபார்க்கும் திரைக்குப் போய், அங்கிருந்தே இணையத்தில் இணைந்து, தனக்கான தீர்வைத் தேடிப் போட்டுக்கொள்ளும் வசதியை 2024 நவம்பரில் அறிவித்து, 2025இல் விண்டோஸ் 11க்குக் கொண்டுவந்தது. கூடவே நீலத் திரையின் நிறத்தையும் கறுப்பாக்கிவிட்டது. இந்தப் புது வசதி கம்ப்யூட்டருக்கு வந்து சேர்வது வழக்கம்போல் ஓர் அப்டேட் வழியாகத்தான். தீர்வு கிடைத்துப் போட்டு முடித்ததும், கம்ப்யூட்டர் ஒரு முறை ரீஸ்டார்ட் ஆகும்.