கடைசி பெஞ்சு எறிகணையியல்: கோணம், நெடுக்கம், கைமறைப்பு குறித்த ஓர் ஆய்வு

ரப்பர் பேண்டில் மாட்டி விடும் காகித உண்டை எந்தக் கோணத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதே இவ்வாய்வின் பொருள். ஐந்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கென்று தொடங்கியது. அப்பாக்கள் கைவைத்ததில் முனைவர் பட்ட அளவுக்குப் பெருத்துவிட்டது. ஆய்வு மரபுக்கிணங்க, எல்லாருக்கும் தெரிந்ததை யாருக்கும் புரியாதபடி சொல்ல முயன்றிருக்கிறோம்.

கருதுகோள்: உண்டை போகும்.

ஆய்வு எல்லை: எதிர்ச்சுவர்.

ஆய்வுக் கருவிகள்: ரப்பர் பேண்டு, இரண்டு விரல், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், வாங்கிய நாள் முதல் வேலையில்லாமல் பெட்டியில் கிடந்த பாகைமானி.

முன்னோடிகளைப் பார்ப்போம். பீரங்கிக் குண்டு நேர்கோட்டில் கிளம்பி, கொஞ்சம் வளைந்து, பிறகு செங்குத்தாக விழுகிறது என்றே நெடுங்காலம் படம் போட்டுவந்தார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டே இத்தாலியின் டார்ட்டாக்லியா 1537-இல் 45 பாகையில்தான் குண்டு அதிகத் தொலைவு போகும் என்று எழுதினார். விடை சரி, வழி தவறு. நம் கணக்கு வாத்தியார் என்றால் அரை மதிப்பெண்தான் போட்டிருப்பார். பாதை பரவளையம் என்று நிறுவிய கலிலியோவின் நூல் 1638-இல் லெய்டன் நகரில் அச்சானபோது அவர் இத்தாலியில் வீட்டுக்காவலில் இருந்தார். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே இத்துறையை வளர்த்தார்கள் என்பதற்கு இதுவே மூத்த சான்று.

உள்நாட்டுச் சான்றுகளில் தலையாயது கடைசி பெஞ்சு சாசனம் (இடப்புற ஓரம், கவராய முனையால் கீறியது). அம்பு துளைத்த இதயம் ஒன்றும், அருகில் 45 என்ற எண்ணும் அதில் காணப்படுகின்றன. எண் எறிகோணத்தையே குறிக்கிறது, அம்பு மேல்நோக்கியிருப்பதே சான்று என்பார் ஒரு சாரார். அது கணக்குத் தேர்வில் வாங்கிய மதிப்பெண், இதயம் பிளந்ததற்கு அதுவே காரணம் என்பார் மறுசாரார் (மேற்படி சாசனம், பின்பக்கம், சூயிங்கத்துக்குக் கீழுள்ள வரி). வருகைப்பதிவேட்டு எண் என்பாரும் உளர். சாசனம் சங்க காலத்தது என்று ஓர் அறிஞர் உறுதிபடக் கூறுகிறார். பெஞ்சை அவர் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் நடுநிலை கெடும் என்கிறார்.

இனி முடிவுகள். காற்றை மறந்துவிட்டால், கோணத்தை இரட்டித்து அதன் சைன் மதிப்பைப் பார்த்தால் போதும். 45 பாகையில் 10 மீட்டர் போகும் உண்டை, அதே வேகத்தில் விட்டால் 30 பாகையிலும் 60 பாகையிலும் ஏறத்தாழ 8.66 மீட்டர் போகும். 15-இலும் 75-இலும் 5 மீட்டர். 45-க்கு மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவே என்றால் நெடுக்கம் ஒன்றுதான் என்பதைக் கலிலியோவும் சொல்லியிருக்கிறார். கண்காட்சிச் சார்ட்டுகள் இத்துடன் ஜிகினா ஒட்டி முடிந்துவிடுகின்றன. எதிலே அதிகத் தூரம் என்று கேட்டுவிட்டு, பரிசு கொடுத்துவிட்டு, போய்விடுகிறார்கள்.

கடைசி பெஞ்சுக்காரனுக்கு அதிகத் தூரம் எதற்கு? அவனுக்கு வேண்டியது 5 மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு பிடரி. அதை அடைய இரண்டு வழி இருக்கும்போது எதைத் தேர்வது என்பதே இத்துறையின் மையச் சிக்கல். 15 பாகையில் விட்ட உண்டை அரை விநாடியில் போய்ச் சேரும். அடிபட்டவன் திரும்பும்போது விட்டவனின் கை அந்தரத்திலேயே இருக்கும். 75 பாகையில் விட்டாலோ ஏறத்தாழ 2 விநாடி ஆகும். அதற்குள் ரப்பர் பேண்டு சட்டைப்பைக்குள் போகும், கை பெஞ்சுக்கு அடியில் போகும், கண் புத்தகத்துக்குப் போகும், உதடு பாடத்தை முணுமுணுக்கவும் தொடங்கிவிடும். இதைக் கைமறைப்புக் காலம் என்று இவ்வாய்வு வரையறுக்கிறது (ஒப்புநோக்குக: மேற்படி சாசனம், அடிப்பலகை, பெஞ்சைக் கவிழ்த்தால் மட்டும் தெரியும் பகுதி, ஆணிக்கும் மசிக்கறைக்கும் இடைப்பட்டது, கவிழ்த்த குற்றத்துக்காக ஆய்வாளர் வெளியேற்றப்பட்டமையால் வாசிப்பு முற்றுப்பெறவில்லை).

தடை ஒன்று உண்டு. 75 பாகை உண்டை கையிலிருந்து 4.67 மீட்டர் உயரம் ஏறும். கான்கிரீட் கூரையோ 3 மீட்டருக்குச் சற்று முன்பின்னாக வந்து நிற்கிறது. முகடு உயர்ந்த ஓட்டுக்கூரைப் பள்ளிகளில் மட்டுமே இம்மரபு செழித்திருக்க முடியும். ஓடு போய் கான்கிரீட் வந்ததும் 75 பாகையார் அற்றுப்போயினர், எஞ்சியோர் 15 பாகைக்கு இறங்கி அன்றாடம் பிடிபடுகின்றனர் என்பது எம் கொள்கை. ஆதாரம் இல்லை. ஆயினும் இதையே அடுத்த மூன்று கட்டுரைகளில் நாமே மேற்கோள் காட்டிவிட்டால் ஆதாரம் பிறந்துவிடும். மற்ற துறைகளிலும் அப்படித்தான். எல்லாரும் போற்றும் 45 பாகையும் தப்பவில்லை: அதன் உச்சம் 2.5 மீட்டர், ஏவும் கையின் உயரம் முக்கால் மீட்டர், கூட்டினால் உண்டை கூரையில் முட்டுகிறது.

மறந்த காற்று நினைவுக்கு வருகிறது. காகிதம் எடை குறைந்தது, காற்று அதன் வேகத்தைத் தின்றுவிடுவதால் சிறந்த கோணம் 45-க்குக் கீழே இறங்கும். குண்டு எறிதல் போட்டியாளர்களும் 45-க்குக் கீழேதான் எறிகிறார்கள். அங்கே வேறு காரணமும் உண்டு, குண்டு தோளுக்கு மேலிருந்து கிளம்புகிறது. அன்றியும் உண்டை ஏறுவதைவிடச் செங்குத்தாக இறங்குகிறது. அதாவது பீரங்கிக்காரர்களின் பழைய படத்தையே ஓரளவு ஒத்துவிடுகிறது. பரவளையத்தை அச்சடித்துச் சார்ட் ஒட்டியாகிவிட்டதால் இதைக் கண்காட்சியில் சொல்ல வேண்டாம் என்று பெற்றோர் தரப்பு கேட்டுக்கொண்டது.

மேலாய்வுக்குரியவை: மின்விசிறி ஓடும்போது 45 பாகை, ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது எந்தப் பாகையும். பின்னிணைப்பாக வைக்க வேண்டிய ரப்பர் பேண்டு தற்போது தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் உள்ளது. பார்வையிட அனுமதி கேட்டிருக்கிறோம். அப்பாவை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.