சாதுவுக்குத் துச்சாதனன் வேடம்

கேள்வி: நாடகத் துறையில் படிக்கிறேன். தெருக்கூத்தில் துச்சாதனன் வேடம் தந்திருக்கிறார்கள். நானோ பரம சாது. ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று முறைக்கிறேன், கோபமே வரவில்லை. என்ன செய்வது?
(மாணவர், புதுச்சேரி)

பதில்: கண்ணாடி பயந்தால் போதுமா? கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி பயப்பட வேண்டாமா! முறைப்பு இருக்கட்டும், முதலில் மூச்சைக் கவனியுங்கள். கூத்து விடிய விடிய நடக்கும். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டே பாடவேண்டும், சுழன்றாட வேண்டும். ஒத்திகையிலேயே அவற்றைக் கட்டிப் பழகுங்கள்.

கோபத்துக்கு வருவோம். 'அந்த நிலையில் நான் இருந்தால்?' என்று நடிகரைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. நம் கூத்துக்காரர்களின் வழி இன்னும் ஆழமானது. துகிலுரியும் காட்சியில், சேலையில் கைவைக்குமுன் துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி, திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதுண்டு. கும்பிட்ட அதே கை சேலையைப் பற்றும்போது ஊரே பதறும். அந்தக் கும்பிடு சாதுவுக்குத்தான் நன்றாக வரும், உங்களுக்கு வரும்.

சித்திரை, வைகாசியில் வட மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ஓர் இரவு தூக்கத்தை விட்டுப் போய்ப் பாருங்கள்.