மலையேறிய பலாப்பழம்

‘தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973’ என்றொரு புத்தகம் என்னிடம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கியது. படித்தேனோ இல்லையோ, பெரிதும் பயன்பட்டிருக்கிறது. வீட்டில் யாரும் தொடாத ஒரே புத்தகம் அதுதான் என்பதால், மனைவிக்குத் தெரியாமல் சேர்க்கும் பணத்தை அதற்குள்தான் வைப்பேன்.

அலுவலகத்தில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. காலையில் போனதும் கையில் இருக்கும் சொந்தப் பணத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்த்து ஒரு ரூபாய் கூட இருந்தாலும் கேள்வி கேட்பார்கள். நான் வருஷக்கணக்காக எழுதிவந்தது ‘ரூ. 60’. தன் ஏழ்மைக்குத் தானே தினமும் சான்றொப்பம் இடுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

கள்ளக்குறிச்சியில் எனக்கு நேர்மையானவன் என்று பேர். காரணம் பயம்தான், அதை வெளியில் சொல்வதில்லை. லஞ்ச ஒழிப்புக்காரர்கள் நோட்டில் ஃபினாப்தலீன் பொடி தடவிக் கொடுத்தனுப்புவார்கள். தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாகிவிடும். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் ரோஸ்மில்க் குடிப்பதில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் ஒரு பலாப்பழம்! வாசனை தெருமுனை வரை வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தது.

“கல்வராயன்மலைப் பெரியவர் ஒருத்தர் கொண்டாந்தாருங்க. சாதிச் சான்று விஷயமா உங்க ஆபீசுக்கு வந்திருக்காராம்...”

எனக்கு அது போதும். மலையாளிப் பழங்குடியினருக்குச் சான்று தருகிறவர் கோட்டாட்சியர். நான் கோப்பை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குத் தள்ளுகிற ஆள். ஆனாலும் பழம் என்னைத் தேடி வந்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். குடும்பத்தார் கைநீட்டினாலும் நான் நீட்டியதுதான் என்று அரைமணி நேரம் பிரசங்கம். அவள் இரண்டு முறை வாயைத் திறந்தாள். நான் விடவில்லை. (மனைவி இருக்க இன்னொரு கல்யாணம் கூடாதென்ற விதி வந்தபோது மட்டும் தலையாட்டினாள்.)

ஞாயிறு காலை சாக்கில் பழத்தோடு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் நான்கு பேர் விலை கேட்டார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். நேர்மைக்குச் சுமைக்கூலி உண்டென்று எந்த விதியும் எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பழம் என் மடியில் சாய்ந்தது.

பெரியவர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். “ஏன் சார், பழம் சொத்தையா?”

“இல்லை பெரியவரே. நான் சும்மா எதையும் வாங்குறதில்லை.”

“சும்மாவா? முந்நூறு சொன்னேன். அம்மா பேசிப் பேசி இருநூறுக்கு இல்ல எறக்குனாங்க!”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார்: “சும்மா குடுக்கறதெல்லாம் எங்கப்பன் காலத்தோட போச்சு சார்.”

அது வெறும் பேச்சில்லை. இந்த மலையைச் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டார்கள். 1976-ல் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் வரைக்கும் மலைசனம் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தது. அந்த மலைக்கு, லஞ்சம் கொடுத்தவரைப் பெரியமனதோடு மன்னிக்க, சாக்கு மூட்டையோடு போய் நின்றவன் நான்.

“அதிருக்கட்டும், என் பேரன் சான்று என்ன ஆச்சு சார்? பள்ளிக்கூடத்துல கேக்குறாங்க.”

மூன்று வாரமாக அந்தக் கோப்பு என் மேஜையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருக்கிறது. “நடவடிக்கையில் இருக்கு” என்றேன். பலாப்பால் ஒட்டிய விரல்களை வேட்டியில் துடைத்தேன். போகவில்லை.

விற்ற பொருளைத் திரும்ப எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. இறங்கும்போதும் லக்கேஜ் டிக்கெட்.

“முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று வீட்டில் பாய்ந்தேன்.

“சொல்ல விட்டீங்களா?”

“சரி, இருநூறு ரூபாய் ஏது?” பிடித்துவிட்டேன் என்ற மிடுக்கோடு கேட்டேன்.

அவள் அலமாரியைக் காட்டினாள். விதிப்புத்தகத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு. இருப்பு ரூ. 1,400. பலாப்பழம் ரூ. 200. மீதி ரூ. 1,200. தேதி, அவள் கையெழுத்து. பக்கத்தில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தாள்.