சகலை டைப் செய்கிறார்

மாமனார் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் 31 பேர். அதில் 29 பேர் ரோஜாப்பூ படம் வைத்துக் காலை வணக்கம் போடுவார்கள். மிச்சம் நானும் சகலையும். நாங்கள் சமூக நீதி பேசுவோம்.

சகலையின் கட்சி, இட ஒதுக்கீடு வருமானத்தைப் பார்த்துத்தான் தர வேண்டும் என்பது. என் கட்சி, அந்தப் பேச்சே கூடாது என்பது. இருவருக்கும் ஒரே சாதி, ஒரே பிசி சான்றிதழ், ஒரே மாமனார். வெளியாள் பார்த்தால் சண்டை எதற்கென்றே புரியாது.

எனக்கு மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீடு திரும்பியிருக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டைப் பற்றி யாராவது வாயெடுத்தால், அவர் முடிப்பதற்குள் என் கட்டைவிரல் பாதி பதிலை அடித்திருக்கும். "கொஞ்சம் திறந்த மனசோட பேசுங்க" என்று மச்சினன் ஒருநாள் குழுவில் போட்டான். அது சகலைக்குச் சொன்னது என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்குச் சொன்னது என்று சகலை எடுத்துக்கொண்டார். ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடர்ந்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு செண்பகம் துரைராஜன் வழக்குக்கு வந்தது. மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய செண்பகம், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துப் போட்ட வழக்கு. அந்த ஆணைப்படி கல்லூரியில் 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர் இருவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. (எங்கள் வீட்டில் பலாச்சுளை பங்கு போட்டதுகூட இத்தனை கணக்காக நடந்ததில்லை.) 1950இல் உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றது. ஜூனுக்குள் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தமே வந்துவிட்டது.

இதில் என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. பல வருஷமாக எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பது. எடுத்து விட்டேன்: "அந்த அம்மா மெடிக்கல் காலேஜுக்கு அப்ளிகேஷனே போடலை. தீர்ப்பிலேயே இருக்கு."

இரண்டு நீல டிக். சகலை டைப் செய்கிறார். நிறுத்துகிறார். மறுபடி செய்கிறார். நான் அடுக்களைக்குப் போய் ஜெயித்தவன் குடிப்பதுபோல ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

பதில் காத்திருந்தது. "கூடவே சீனிவாசன்னு ஒருத்தரும் கேஸ் போட்டார், சகலை. கிண்டி இன்ஜினியரிங் காலேஜுக்கு. அவர் அப்ளிகேஷன் போட்டிருந்தார். அதுவும் அதே தீர்ப்புலதான் இருக்கு."

இப்படி ஒருவர் இருப்பதை இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே! "அது இங்க முக்கியமில்லை" என்று போட்டேன். ஒரு நிமிஷம் முன்பு வரை விண்ணப்பம்தான் உலகத்திலேயே முக்கியமான விஷயமாக இருந்தது.

சகலை விடவில்லை. "என் பொண்ணும் பிசி. உங்க பொண்ணும் பிசி. உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பொண்ணும் பிசி. மூணும் ஒரே வரிசையில நிக்கறது நியாயமா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஒன்றிய அரசின் ஓபிசி ஒதுக்கீட்டில் 'கிரீமி லேயர்' உண்டு. என் போன்ற வங்கி அதிகாரி வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. பணம் வந்தால் சாதி போய்விடாது, அளவுகோல் சமூகப் பின்தங்கல்தான், வருமானம் அல்ல. இதையெல்லாம் மடமடவென்று அடித்தேன். இன்றைக்கும் இதுதான் சரி என்பேன்.

அனுப்பப் போன நேரம், தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஆமா, அந்த வாட்ச்மேன் பொண்ணுக்கு எங்க இடம் கெடச்சுது?"

தெரியாது. தினமும் அவர்தான் எனக்கு கேட் திறந்துவிடுகிறார். நாலு வருஷமாக வண்டி துடைக்கிறார். பெண் பிளஸ் டூ முடித்தது தெரியும். ஸ்வீட் கொடுத்தார், சாப்பிட்டேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. நான் சமூக நீதியில் மும்முரமாக இருந்தேன்.

அடித்த பதிலை அழித்தேன். மறுபடி அடித்தேன். அழித்தேன். 'சகலை டைப் செய்கிறார்' என்று அங்கே அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார். கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். அது ஒப்புதலா கேலியா என்று அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கே புரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலை. முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை எல்லாம் பேசி முடித்தோம். ரசத்துக்கு வரும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்: "அந்தத் தீர்ப்ப முழுசா படிச்சிட்டீங்களா, சகலை?"

அவர் அப்பளத்தை நொறுக்கினார். "எங்க சகலை... யாரோ அனுப்பினது. சீனிவாசன் வர்ற பாரா மட்டும்தான். நீங்க?"

"எனக்கு வந்தது செண்பகம் பாரா."

மோர்க்காரர் வந்து நின்றார். இருவரும் கை குவித்தோம்.