கையெழுத்தில்லாத மருந்துச்சீட்டு

அடி அண்ணாமலையில் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். யாரும் மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவரில்லை. எல்லாரும் வாட்ஸ்அப்பில் பட்டம் வாங்கியவர்கள். பக்கத்து வீட்டு சார் அதில் எம்.டி. பணி ஓய்வு பெற்றதும் மலை தெரிகிற மனையாகப் பார்த்து வாங்கி, வீடு கட்டி வந்தவர். காலையில் அருகம்புல் சாறு, மாலையில் தடுப்பூசிச் சதி. "பொம்பளப் புள்ளைங்களுக்குக் கொழந்தை பொறக்கக்கூடாதுன்னுதான் சார் போடறான். வெளியில சொல்லமாட்டான்." யார் அந்த 'அவன்' என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார். நானும் அண்ணாந்து பார்ப்பேன். அங்கே மலைதான் இருக்கும்.

இது பழைய சரக்கு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோதும் பெற்றோர்களின் கைபேசிகளில் இதுதான் ஓடியது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டிய ஊசி. "என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டினார்கள். அன்று ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் இன்று இடுப்பில் குழந்தையோடு அதே நர்ஸம்மா முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். மலடான தலைமுறையைத்தான் காணோம். ஃபார்வர்ட் மட்டும் வருஷா வருஷம் குட்டி போடுகிறது.

2021 ஏப்ரல் 15ஆம் தேதி, ஜனங்களுக்குப் பயம் போகட்டும் என்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார் நடிகர் விவேக். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். உடலை எடுப்பதற்குள் எங்கள் தெருவில் பிரேதப் பரிசோதனை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு அக்டோபரில் சொன்னது. அந்தச் செய்தியை ஒருத்தரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. இடையில், மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. ஊரையே சிரிக்க வைத்த மனிதரின் சாவை வைத்துப் பயம் விற்றவர்கள் இவர்கள்.

"ரமணர் இருந்த மண் சார் இது. இங்க எதுக்கு ஊசி?" என்பது சாரின் பிரம்மாஸ்திரம். அந்த ரமணர்தான் 1949இல் இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவை சிகிச்சை செய்ய இடம் கொடுத்தார். கையையே எடுக்க வேண்டும் என்றபோது வேண்டாமென்றார். உடம்பு நானல்ல என்றவர், கத்தியோடு வந்த டாக்டரைச் சதிகாரர் என்று சொன்னதில்லை. உடம்பை அருகம்புல் சாற்றில் ஊறப்போட்டுக் காப்பாற்றுகிறவர் அவருக்கு வக்காலத்து வாங்குகிறார்!

"அப்ப கேள்வியே கேட்கக்கூடாதா?" தாராளமாகக் கேட்கலாம். ராஜாஜி கேட்டார். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து 1955இல் தன் பெயர் போட்டு நூலே வெளியிட்டார். 1968இல் தொடங்கி செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானோரிடம் அந்த ஊசியைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை. அதை ஊரறியச் சொன்னவர்கள் சோதித்த விஞ்ஞானிகளேதான். மூளையைத் தாக்கும் காசத்திலிருந்து பச்சைக் குழந்தைகளைக் காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். சந்தேகப்பட்டவருக்குப் பெயர் இருந்தது. சந்தேகத்துக்குச் சோதனை இருந்தது. சார் அனுப்புவதன் அடியில் இருப்பது "படித்ததில் பிடித்தது".

போன வருஷம் கிரிவலப் பாதையில் நாய் கடித்தபோது சார் சதியைப் பற்றி யோசிக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஊசிக்கு ஓடினார். ஒரு தவணையும் தவறவில்லை. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கும் எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று. போடாவிட்டால் பள்ளியில் சேர்க்கமாட்டார்களாம். "அது அந்த ஊர் ரூல் சார்" என்றார், கூச்சநாச்சமில்லாமல்.

அவர் பேச்சை நம்பியது அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண். "படிச்சவரு சொல்றாரே" என்று புதன்கிழமை ஊசிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவள் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கான கட்டம் காலி. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் எங்கள் வாசலைக் கடந்து போகிறார்கள்.

சார், உங்கள் கைக்கும் பேரன் கைக்கும் ஊசி போட்டாகிவிட்டது. பாக்கி இருப்பது அந்தக் குழந்தையின் கை. வருகிற புதன்கிழமை அவளுக்கு அரைநாள் லீவு கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல். அதற்குப் பிறகும் ஃபார்வர்ட் அனுப்பியே தீருவேன் என்றால் அனுப்புங்கள். "இதை நம்பி யார் பிள்ளைக்கு எது வந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது" என்று அடியில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.